கண்ணாடி மறக்க வேண்டாம்

ஹீட் பிரஸ்ஸின் கைப்பிடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்ததும் முதலாளிக்குச் சுருக்கென்றது.

'உடற்பயிற்சிக்கூட மாஸ்டர். பத்து டி-ஷர்ட். வாசகம்: தொப்பையை உள்ளே இழு. இன்று மாலை ஆறு மணி. கண்ணாடி மறக்க வேண்டாம்.'

மனைவியின் கையெழுத்து. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு வேறு இழுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

முதலாளி என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பின்னறையில் ஒரு பிரிண்டர், ஒரு ஹீட் பிரஸ், ஒரு முக்காலி, ஒரு பழைய பீரோ, நிறுவனம் அவ்வளவுதான். ஃபிலிமில் அச்சடித்து, பசைப் பவுடர் தூவி, துணிமேல் கவிழ்த்து ஹீட் பிரஸ்ஸின் சூட்டில் அமுக்கி உரித்தால் எழுத்து துணிக்குப் போய்விடும். போன மாதம் மூக்குக்கண்ணாடி போடாமல் உட்கார்ந்ததில் 'சிங்கங்கள்' அணிக்கு 'சி'யின் கொக்கி விட்டுப்போனது. பதினொரு பேரும் மார்பில் 'சங்கங்கள்' என்று போட்டுக்கொண்டு ஆடித் தோற்றார்கள்.

அன்றே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னொரு ஆர்டர் சொதப்பினா மெஷினை வித்துட்டு, அந்த ரூம்ல என் தையல் மெஷினைப் போட்டுக்குவேன்."

"பார்த்தியா, கண்ணு தெரியாதவனுக்குச் சொல்ற மாதிரி எழுதியிருக்கா உங்க அக்கா," என்று சீட்டை மைத்துனனிடம் நீட்டினார். வீட்டில் அவனுக்கு சர்வஞானி என்று பெயர். கைப்பேசியில் எல்லா வேலையையும் பார்த்திருந்தான், கையால் எதையும் செய்ததில்லை.

"சரியாத்தானே எழுதியிருக்கு அத்தான்," என்றான்.

முதலாளி ரோஷத்தோடு கண்ணாடியை நாலு முறை துடைத்து மாட்டிக்கொண்டார். ஃபிலிம் வெளியே வந்தபோது 'தொப்பையை உள்ளே இழு' என்று பளிச்சென்று படிக்க முடிந்தது. ஒரு சுழி குறையவில்லை, ஒரு புள்ளி தவறவில்லை. அந்தத் திருப்தியில் பத்தையும் மளமளவென்று அமுக்கி உரித்தார்.

உரித்த பிறகுதான் உறைத்தது. ஃபிலிமில் எழுத்து இடவலம் மாறி வர வேண்டும். அப்போதுதான் துணியில் நேராக விழும். கண்ணாடியைத் துடைத்த மும்முரத்தில், எழுத்தைத் திருப்பும் பொத்தானை அவர் அழுத்தவே இல்லை. பத்து மார்பிலும் எந்த மொழி என்றே தெரியாத ஒன்று இருந்தது.

"அக்காவுக்கு ஃபோன் போடட்டுமா?"

"போட்டா ரெண்டு பேரும் சேர்ந்துதான் தெருவுல நிக்கணும்."

குமாஸ்தா வேலை போனதிலிருந்து, அந்த வீட்டில் அவருடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்த அறை ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

"சூடு காட்டி உரிச்சா வந்துடும் அத்தான். வீடியோவுல பார்த்தேன்."

வந்தது. 'தொப்பையை' மட்டும் வந்தது. 'உள்ளே இழு' எவ்வளவு இழுத்தும் வரவில்லை.

"அப்போ அக்காவோட நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டா கரையும்."

இன்னொரு டி-ஷர்ட்டில் போட்டார்கள். கரைந்தது. எழுத்தோடு துணியின் நீலமும் கரைந்தது. காலிக் குப்பியை ஒளிக்கும் வேலை கூடுதலாகச் சேர்ந்தது.

"வேற ஏதாவது ஞானம் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. மேல ஒரு கறுப்புக் கட்டம் அடிச்சு மறைச்சுடுவோம். அதுக்கு மேல எழுத்தை நேரா அடிப்போம்."

மீதி எட்டிலும் அடித்தார்கள். மறைந்தது. ஆனால் ஃபிலிம்மேல் ஃபிலிம் ஏறி, மார்பு அட்டை மாதிரி விறைத்துக்கொண்டது. மடித்து வைத்தால் தானாக எழுந்து உட்கார்ந்தது. கெட்டுப்போன இரண்டுக்குப் பதிலாக முதலாளி தன்னுடைய இரண்டு புது டி-ஷர்ட்டுகளைத் தியாகம் செய்தார். அவை அவர் தொப்பைக்கு அளவெடுத்து வாங்கியவை.

"விறைப்பா இருக்குன்னு கேட்டா?"

"தொப்பையை அமுக்கிப் பிடிக்கிற துணின்னு சொல்லுங்க."

ஆறு மணிக்கு மாஸ்டர் வந்தார். ஒன்றை எடுத்துத் தலைவழியே மாட்டினார், துணி கடகடவென்றது. மாஸ்டர் பீரோவின் முன்னால் போய் நின்று, வெகுநேரம் தன் மார்பையே பார்த்தார். வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"சார், கண்ணாடி மறக்க வேண்டாம்னு வீட்டம்மா சொல்லலையா?"

"அதை எப்படி மறப்பேன்?" முதலாளி மூக்கைத் தொட்டுக் காட்டினார். "காலையிலேருந்து கழட்டவே இல்லையே."

மாஸ்டர் பீரோக் கதவில் பதித்திருந்த நிலைக்கண்ணாடியை விரலால் தட்டினார்.

"அது இல்ல சார், இந்தக் கண்ணாடி. பயிற்சி பண்றவங்க இதுல பார்த்துப் படிக்கிறதுக்காக, எழுத்தைத் திருப்பி அடிக்கத்தானே சொல்லியிருந்தேன்?"