தேதியில் கை வைக்காதே

அலுவலகத்துக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது. முழுசாக வரவில்லை, பெட்டி பெட்டியாக வந்தது. அதை ஒன்றுசேர்த்து உயிர் கொடுக்கும் பொறுப்பு கம்ப்யூட்டரம்மாவுடையது. அவளுடைய நிஜப்பெயர் சம்பளப் பிரிவைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகமில்லை.

மதர்போர்டைப் பொருத்தி, கரண்ட் கொடுத்து, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரைக்குள் நுழைந்தாள். மெமரியின் வேகத்தைச் சரி செய்தாள். விசிறியின் இரைச்சலை அடக்கினாள். தேதியைப் பார்த்தால், ஒன்பது வருஷம் பின்னால் கிடந்தது. திருத்தப் போன நேரத்தில் மேலாளர் வந்து நின்றார்.

“கையை எடும்மா! தேதியைத் திருத்தினதுக்காகப் போன வருஷம்தான் ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினோம்.”

“சார், இது தப்பான தேதி.”

“தப்பா சரியான்னு மேலிடம் சொல்லட்டும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

முறைப்படி அந்தக் கம்ப்யூட்டரிலேயே கடிதம் அடித்து அனுமதி கேட்டார்கள். ‘ஒன்பது ஆண்டுகள் தாமதமாகக் கிடைக்கப்பெற்ற கோரிக்கையை ஏற்க இயலாது’ என்று மேலிடம் வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டது.

அன்று முதல் அலுவலகம் இயந்திரத்தின் தேதிக்குக் கட்டுப்பட்டு நடந்தது.

“போன மாசம் மனு கொடுத்தேனே?” என்று ஜன்னலில் யாராவது கேட்டால், “அது எதிர்காலத்துல கொடுத்த மனுங்க. அந்தக் காலம் வரட்டும், பார்க்கலாம்” என்று எழுத்தர் பணிவோடு சொன்னார். நிலுவை மனுக்கள் அடியோடு ஒழிந்தன. மேலிடம் மகிழ்ந்து கேடயம் வழங்கியது. ஓய்வு பெறவிருந்த மேலாளர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, மக்களுக்காக மேலும் உழைக்கப் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

கம்ப்யூட்டரம்மாவும் வாய்க்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், சம்பள நாள் வரும்வரை.

“நீ சேர்ந்து மூணு வருஷம்தானே ஆகுது? அப்போ இன்னும் சேரவே இல்லையேம்மா. சேராதவங்களுக்குச் சம்பளம் போட்டா தணிக்கையில என் தலை உருளும்” என்றார் மேலாளர்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து பயாஸைத் திறந்தாள். சரியான தேதியை அடித்தாள். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்னம்மா பண்றீங்க?”

“தேதியைச் சரி பண்றேன். இனிமே உங்க மனுவெல்லாம் நகரும்.”

வரிசை அலறியது.

“ஐயோ, வேண்டாம்மா! நான் கட்ட வேண்டிய வரிக்கு இன்னும் கெடுவே வரல!”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல! விட்டுடுங்க!” என்றார் ஒருவர், மனைவி பக்கத்தில் இல்லாத தைரியத்தில்.

கூட்டத்துக்கு நடுவே கம்ப்யூட்டரம்மாவின் தங்கை நின்றிருந்தாள்.

“அக்கா, அரசாங்க வேலைக்கு வயசு தாண்டிப்போச்சுன்னு அழுதேனே, இந்தக் கணக்குல எனக்கு வயசு இருக்கு! இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோயேன்.”

கூடப்பிறந்தவள் ஆயிற்றே. ‘மாற்றங்களைச் சேமிக்கலாமா?’ என்று திரை கேட்டதற்கு ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டு, ஈரக்கண்ணோடு திரும்பினாள்.

“எந்த வேலைக்குடி மனு போடற?”

தங்கை ஜன்னல் கம்பியைச் சுரண்டினாள்.

“உன் வேலைக்குத்தான்க்கா. காலியா இருக்குன்னு உங்க சார் சொன்னாரே.”