மீன் பிடிக்கப் போய் மாமனாரைப் பிடித்த கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. யாராவது ஏதாவது கேட்டால் வாய் திறப்பதற்கு முன்னால் தலை தானாக ஆடிவிடும். இந்த லட்சணத்தில் எனக்கு வேலை, தரப் பரிசோதனைப் பிரிவில். (என்னைப் பரிசோதிக்க யாரும் இல்லாததால் பிழைத்தேன்.) அந்தத் தலையாட்டலில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

சொந்த ஊர் மத்தூர்ப் பக்கம். ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை, மத்திகிரியில் வாடகை அறை. அதே கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்த சுமாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்திருந்தோம். அவள் வீட்டில் கன்னடம், என் வீட்டில் தமிழ். என் வீட்டில் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். சுமா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எங்கப்பா சரின்னு சொல்லணும். அவரு வேணாம்னுட்டா நான் வர மாட்டேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

அவள் அப்பா நாகராஜப்பாவைப் பார்க்கப் போனேன். காபி வந்ததும் கன்னடம் வருமா என்று முதல் கேள்வி, "கன்னட பருத்தா?" தலை ஆடியது. (கேன்டீனில் கற்ற 'ஊட்ட ஆய்த்தா', அதாவது சாப்பாடு ஆச்சா என்பதைத் தாண்டி எனக்கு ஒரு எழவும் தெரியாது.) "மீன் புடிக்கிற பழக்கம் உண்டுங்களா?" தலை இன்னும் வேகமாக ஆடியது. எனக்கும் மீனுக்கும் இருந்த பழக்கமெல்லாம் குழம்பில்தான். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஞாயித்துக்கிழமை ஆத்துக்குப் போலாம் வாங்க. அங்கே பேசிக்கலாம்" என்றார்.

ஞாயிறு காலை அவருடைய ஸ்கூட்டரில் தென்பெண்ணைக்குப் போனோம். மழை பெய்து ஆறு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சோளத்தட்டையின் நெட்டியைச் சீவி, சுமாவின் நெயில் பாலிஷைப் பூசி அவரே செய்த தக்கைகள் பையில் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தூண்டில் நரம்பில் கோத்து, கீழே ஈயக்குண்டுகளை நசுக்கி மாட்டி, முள்ளில் புழுவைக் குத்தியபடியே சொன்னார்: "ஏரியில தக்கை சும்மா நிக்கும். ஆத்துல அது நடக்கணும். தண்ணி என்ன வேகத்துல போகுதோ அதே வேகத்துல புழுவும் அடியில போவணும். அப்பத்தான் மீன் நம்பும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டுத் தூண்டிலை வாங்கிக்கொண்டேன்.

வீசினேன். தக்கை நிமிர்ந்து, தண்ணீரோடு கிளம்பியது. எனக்கு ஒரே பயம். போனால் போய்விடுமே! நரம்பு சுற்றியிருந்த ரீலை ஓடவிடாமல் அழுத்தினேன். பின்னால் பாறைமேல் நின்ற நாகராஜப்பா பதறினார். "பிடி, பிடி!"

நான் உருகிப்போனேன். எங்கள் பக்கம் 'புடி' என்போம். மனிதர் எனக்காகச் சுத்தத் தமிழில் 'பிடி' என்கிறாரே! அதுமட்டுமா, வாங்க போங்க என்றவர் ஒருமைக்கு இறங்கிவிட்டார். மருமகன் என்று நினைக்காமல் இந்த உரிமை வருமா? சந்தோஷத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தக்கை ஒரே இடத்தில் நின்று துடித்தது, பிறகு இழுபட்டுக் கரையோரப் புல்லுக்கு வந்தது. "அய்யோ, பிடி!" என்று அவர் தலையில் கைவைத்தார். பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன், இன்னும் எப்படிப் பிடிப்பது?

மறுபடி வீசியதில் என் கெட்ட காலம், ஒரு பெரிய கெண்டை கவ்வியது. தக்கை விருட்டென்று முழுகியது. மீன் இழுத்துக்கொண்டு ஓட, அவர் குதித்தார். "பிடி! பிடி! பிடி!" நான் ரீலை ஒரு கையாலும் நரம்பை மறு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தேன். நரம்பு அறுந்தது. நான் மல்லாக்க அவர்மேல் விழுந்தேன். ஈரப் பாறை வழுக்கி, இருவரும் சேர்ந்து உருண்டு ஆற்றில் விழுந்தோம்.

இடுப்பளவு தண்ணீர்தான். நீச்சல் தெரியாதவனுக்கு அது கடல். அவர் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டேன். "பிடி..." என்றார் மூச்சுத் திணறி. பிடித்தேன். "பி...டி..." என்றார். இந்த நிலையிலும் என்னைக் காப்பாற்ற நினைக்கிறாரே, தெய்வமய்யா நீ என்று இன்னும் நெருக்கிப் பிடித்தேன். அவர் முகம் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காதான் கத்தினாள்: "யோவ், கன்னடத்துல பிடின்னா உடுன்னு அர்த்தம்யா! உடுய்யா அந்தாள! செத்துகித்துத் தொலைக்கப் போறாரு!"

விட்டேன்.

திரும்பும்போது அவர் ஒரு பள்ளம் விடாமல் ஸ்கூட்டரை இறக்கினார். ஈரத்துணியோடு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கன்னடம் தெரியாதது ஒரு குற்றமா? "தெரியாதுங்க, சொல்லிக்குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனிதர் சந்தோஷமாகச் சொல்லித் தந்திருப்பார். நல்ல பேர் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். பயந்தவன் எதையும் இறுக்கித்தான் பிடிப்பான், நரம்பானாலும் கழுத்தானாலும். சுமாவிடம் என்ன சொல்வேன்?

வீட்டில் எங்களைப் பார்த்ததும் சுமாவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நாகராஜப்பா தலையைத் துவட்டத் தொடங்கியதும் கிட்டே போய்க் கேட்டார், "ஹேகித்தானே ஹுடுக?" பையன் எப்படி என்று கேட்கிறார், அதுவரைக்கும் எனக்கே புரிந்தது. அவர் துண்டுக்குள்ளிருந்து ஒரே வார்த்தை சொன்னார்.

"பிடி."

இப்போதுதான் அர்த்தம் தெரியுமே. எழுந்தேன். "மன்னிச்சிருங்க. எனக்குக் கன்னடமும் வராது, மீன் புடிக்கவும் வராது. பொய் சொல்லிட்டேன். நான் வர்றேங்க." சமையலறை வாசலில் நின்ற சுமாவைப் பார்க்கத் தைரியமில்லாமல் செருப்பைத் தேடினேன்.

"எங்க போறீங்க?" என்றார் நாகராஜப்பா.

"விடுன்னு சொல்லிட்டீங்களே."

"அட, கன்னடத்துல 'பிடி'ன்னா 'விடுங்க'. பொண்டாட்டிகிட்ட எவனாச்சும் மரியாதை போட்டு 'பிடி'ம்பானா? கன்னடத்துல சொல்லணும்னா 'பிடு'ன்னு சொல்லியிருப்பேன். நான் தமிழ்ல சொன்னேன். பையனைப் பிடி, விட்றாதேன்னு." கழுத்தைத் தடவிக்கொண்டார். "இந்தப் பிடி பிடிக்கிறவன் எம்பொண்ண நட்டாத்துல விடமாட்டான்."

சுமா அழுதுகொண்டே சிரித்தாள். நான் அழ மட்டும் செய்தேன்.

கல்யாணம் ஓசூரில் நடந்தது. தாரை வார்க்கும்போது சுமாவின் கையை என் கையில் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் வழிந்து முடிந்த பிறகும் நாகராஜப்பா தன் கையை எடுக்கவில்லை. புரோகிதர் இருமினார். மாமியார் முழங்கையால் இடித்தார். மனிதர் மகளின் விரல்களைப் பற்றியபடியே நின்றார், கண் நிறைந்திருந்தது.  மெதுவாக, "பிடி மாமா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "தமிழ்லயா, கன்னடத்துலயா?"

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்துக் கையை எடுத்தார். இன்றைக்கும் வீட்டில் நாலு பேர் கூடினால் அந்த வழக்குதான் ஓடுகிறது. மாமனாரை ஒருமையில் பேசுகிற ஆள் நானில்லை, ஆகவே கன்னடம்தான் என்பது சுமாவின் கட்சி. மாமியாரும் அதே கட்சி. நான் யாரிடமும் உண்மையைச் சொன்னதில்லை. அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்கு மரியாதையெல்லாம் மறந்துபோனது. தமிழில்தான் சொன்னேன்.