நாலு வாளிச் செடி

தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரை ஓய்வு பெற்றுத் தோட்டத்தை விட்டுப் போகும்போது, அவர் மனைவி துரைசாணி பங்களாவிலிருந்து ஒரு செடியைப் பெயர்த்து பெக்டரித் தொழிலாளி அழகமுத்துவிடம் கொடுத்தார். கரன்ட் என்று பேர். சீமைப் பூஞ்செடி. பலாங்கொடைக்கு மேலே அந்த லயத்து வரிசை வீடுகளில் வேறு யார் வாசலிலும் இப்படி ஒன்று கிடையாது. "அம்மன் திருவிழாவுக்குள்ள இத பூக்க வைக்கல, என் பேரு அழகமுத்து இல்ல!" என்று, லயமே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று அறிவித்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கந்தையா சிரித்தார். "லயத்துக்கு கரன்ட் குடுங்கன்னு பத்து வருசமா கேக்குறோம். ஒன் வீட்டுக்கு மட்டும் வந்துருச்சேப்பா!"

துரைசாணி முன்னால் அழகமுத்துவுக்கு வாயே வராது. அதனால் அவர்கள் வண்டி ஏறுமுன், செடியை எப்படி வளர்ப்பதென்று கேட்டு வர மனைவி கலைச்செல்வியை அனுப்பினார்.

"என்னவாம்?"

"தெனம் நாலு வாளி தண்ணியாம்."

"அப்ப நீ இன்னும் நாலு நட கூடப் போவணும்."

"அதுதாங்க இல்ல. ஆம்பள தூக்குன தண்ணியா இருக்கணுமாம். ஊத்துறது மட்டும் பொம்பள கையாம்."

"இது என்ன மொற?"

"சீமைச் செடிங்க. அதுக்கு ஆயிரம் மொற இருக்கும்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அழகமுத்து வீட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் தூக்கியவரல்ல. அந்த லயத்து ஆண்கள் யாருமே தூக்கியதில்லை. மலையில் நாளெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள்தான் பீலிக்கும் நடப்பார்கள். ஆனால் இது மானப் பிரச்சினை. தினமும் பெக்டரிக்குப் போகுமுன் நாலு வாளியைத் தூக்கி வந்து, மூச்சிரைக்க வாசலில் வைத்துவிட்டு ஓடினார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கந்தையா வீட்டுக் கத்தரி கருகியது. கரன்ட் செடியோ, திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கொத்துக் கொத்தாய் ரோஸ் நிறத்தில் பூத்தது! அழகமுத்துவுக்குக் கால் தரையில் படவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நாலு வாளி! அதான் ரகசியம்!" என்று தோளைத் தட்டிக் காட்டினார்.

மறுநாள் பெக்டரியில் மெஷின் நின்றுபோக, போன வேகத்தில் வீடு திரும்பினார். செடியடியில் மண் வெடித்துக் கிடந்தது. கலைச்செல்வி கடைசி வாளியைக் குசினி அடுப்போரப் பீப்பாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே! அது செடித் தண்ணி!"

"செடிக்கு எப்பவாச்சும் ரெண்டு செம்பு போதுங்க. வெயிலுக்கு அசையாதாம். கூட ஊத்துனா வேரு அழுகிரும்னு தொரசாணி படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

"அப்ப நாலு வாளி?"

"ஒண்ணு சோத்துக்கு, ஒண்ணு துணிக்கு, ரெண்டு நீங்க குளிக்க. ரெண்டு மாசமா எனக்கு இடுப்பு வலியே இல்லைங்க."

கோபப்பட வேண்டுமென்றுதான் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த தெளிச்சியைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. ஆனாலும் இனி வாளியைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

அடுத்த நாள் காலை வெறுங்கையோடு பீலிப் பக்கம் போனார். கந்தையா இரண்டு வாளியோடு நின்றார். அவர் பின்னால் இன்னும் ஐந்து ஆண்கள்.

"ஒன் சம்சாரம் வீட்டுக்கு ஒரு கெள ஒடிச்சுக் குடுத்துச்சுப்பா," என்றார் கந்தையா. "நீ சொன்ன மாதிரியே தெனம் நாலு வாளி. சரிதான?"

லயத்து வாசல்களில் ஆறு மனைவிமார் அழகமுத்துவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிதான்" என்று சொல்லிவிட்டு, தன் வாளியை எடுக்க வீட்டுக்கு நடந்தார். கலைச்செல்வி அதைக் கழுவி வாசலில் வைத்திருந்தாள்.