பிள்ளையார் சுழியை ஏற்காத கம்ப்யூட்டர்

திருச்சுழி,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி நல்லகண்ணு அவர்களுக்கு, விதைக்கடை வெள்ளத்துரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வீட்டார் அனைவரும் சௌக்கியம். கடைக் கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமில்லை. பாலவனத்தத்தில் உங்கள் நலமறிய ஆவல். இருந்தாலும், நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் உங்கள் மகன் உதயகுமார்தான். மழை விழுந்ததும் மக்காச்சோள விதை வந்திருக்கிறது என்று நரிக்குடி, பரளச்சிப் பக்கம் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் அத்தனை பேர் செல்லுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போக ஒரு புரோகிராம் எழுதிச் சென்னையிலிருந்து அனுப்பினார். அப்படியே ஒட்டி, கடைப் பெயரை மட்டும் போடச் சொன்னார். போட்டேன். ஆனால் எழுத்து என்று இருந்தால் உச்சியில் பிள்ளையார் சுழி வேண்டாமா? அதையும் போட்டேன். நடுவில் மொட்டையாக 1 என்று இருந்தது. அளக்கும்போது முதல் படியை லாபம் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம், ஆகவே லாபம் என்று திருத்தினேன். வரிகள் சில உள்ளே தள்ளியும் சில வெளியே நீட்டியும் கிடந்தன, எல்லாவற்றையும் இழுத்து ஓரமாக நேராக்கினேன். பட்டனைத் தட்டினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து!

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மாமா, மொதல்ல அந்தச் சுழிய எடுங்க" என்கிறார். "பிள்ளையாரையா எடுக்கச் சொல்றீக?" என்றேன். "மெஷினுக்குப் புரியாது மாமா. லாபத்தையும் எடுத்துருங்க." வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு வியாபாரியிடம் சொல்லுகிற பேச்சா இது? "இல்லாட்டிச் சுழிக்கு முன்னால ஒரு # போடுங்க, அந்த வரிய மெஷின் கண்டுக்காமப் போயிரும்" என்று சமாதானம் வேறு. பிள்ளையாரைக் கண்டுகொள்ளாத புரோகிராம் எழுதுகிறவருக்கு என் ஒரே மகளை எப்படிக் கொடுப்பேன்? நாகஜோதி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை, அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. உங்கள் பக்கமும் நல்ல மழை பெய்யட்டும்.

இனி சம்பந்தி என்று எழுத உரிமையில்லாத,
வெள்ளத்துரை

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் நாகஜோதி மாப்பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு, # போட்டு, மற்றதையும் சரிசெய்து பட்டனைத் தட்டிவிட்டாள். சுழியும் உச்சியிலேயே இருக்கிறது, செய்தியும் போய்விட்டது. ஆனால் போனது விதைச் செய்தி இல்லை. சோதனைக்கென்று மாப்பிள்ளை எழுதி வைத்திருந்த மாதிரி வரியை மாற்ற எல்லாருமே மறந்துவிட்டோம்: 'ஜோதிக்குட்டி, சாப்பிட்டியா தங்கம்? இப்படிக்கு, வெள்ளத்துரை விதைக்கடை, திருச்சுழி.' கடையில் நிற்க இடமில்லை. வருகிறவர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, பிள்ள சாப்பிட்டுச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் விதையே கேட்கிறார்கள். விதையும் காலி, என் மானமும் காலி. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, வருகிற ஐப்பசி முதல் முகூர்த்தத்திலேயே தேதி குறித்துவிடுங்கள், சம்பந்தி.