இருபத்திரண்டு தலைமையாசிரியர்கள்

காலை பத்து இருபதுக்கு அந்தப் பல் கிளினிக்கில் பதினேழு தலைமையாசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஐந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். ஒருவர் தையல்காரர். ஒருத்தி அடுத்த வாரம் கல்யாணம் ஆகப்போகிற பெண். பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வந்தவள். இன்னொருத்திக்கு வயது ஆறு. நிஜமான தலைமையாசிரியர் ஒரே ஒருவர்தான். அவர் மூலை நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

காலை எட்டு மணிக்கு இருபத்திரண்டு பேருடைய போனுக்கும் கிளினிக்கிலிருந்து ஒரே செய்தி போயிருந்தது: "மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, இன்று பத்தரை மணிக்கு உங்கள் கடைவாய்ப் பல் பிடுங்கப்படும். பயப்பட வேண்டாம்."

பயப்பட வேண்டாம் என்று சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்?

"எனக்குப் பல் கூசுதுன்னுதான் சொன்னேன், பிடுங்கச் சொல்லலையே!" என்றார் தையல்காரர்.

"நேரா உட்காருங்க" என்று அவரை அதட்டினாள் ஆறு வயதுக்காரி. பதவி அவளுக்கு உடனே பிடித்துப்போய்விட்டது.

டாக்டரம்மா தன் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து எக்ஸ்ரே அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"நேத்து வரைக்கும் சரியா ஓடிச்சுக்கா! சத்தியமா!"

புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான் இது. ஆனால் தம்பிக்காரன் சொன்னது உண்மை. வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. அக்கா வீட்டு ஹால் சோபாவில் படுத்து, அக்கா போட்ட சோற்றைத் தின்று, அந்த நன்றிக்கு அவன் எழுதிக்கொடுத்த புரோகிராம் இது. தினமும் காலையில் அன்றைக்கு வரவேண்டிய நோயாளிகளுக்கு நேரத்தை நினைவுபடுத்தும். அறுபத்தொரு நாளாக ஒரு தப்பு கிடையாது. அந்த அறுபத்தொரு நாளைச் சொல்லித்தான் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியில் பேச்சுவார்த்தையை முடித்திருந்தான். அங்கிருந்து ஒரு மேடம் பதினோரு மணிக்கு நேரில் வந்து, புரோகிராம் ஓடுவதைப் பார்க்கப்போகிறார். அவர் தலையாட்டினால் வேலை. ஆட்டாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அத்தானுடைய நண்பரின் டைல்ஸ் கடை. அத்தான் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார்.

"நேத்து எதுல கை வச்ச?" என்றாள் அக்கா.

"ஒரே ஒரு பட்டன்தான்கா. தினமும் நம்ம ரிசப்ஷன் அம்மா பார்த்துட்டு 'அனுப்பு'ன்னு அமுக்குவாங்க. இன்னைக்கு அவங்க பர்மிஷன் போட்டுட்டு லேட்டாதானே வர்றாங்க. மேடம் பார்த்தாலும் நல்லா இருக்குமேன்னு, தானா எட்டு மணிக்குப் போற மாதிரி மாத்தினேன்."

"பட்டனை எடுத்தா பேரெல்லாம் மாறிடுமா?"

"மாறாதுக்கா! ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. அதான் மண்டை காயுது!"

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழடி நீளமுள்ள எக்ஸ்ரே அறையில் மூன்று எட்டு நடந்து மூன்று எட்டு திரும்பினான். எப்போதும் செய்கிற மாதிரி, தன் பெயர் ஒன்றை மட்டும் நோயாளியாகப் போட்டுச் சோதித்தான். செய்தி அச்சுப்பிசகாமல் அவன் போனுக்கு வந்தது.

"பாருக்கா, சரியாத்தான் இருக்கு! அந்தப் பாழாப்போன பட்டன்தான். பழையபடி மாத்திடறேன்."

மாற்றினான். வெளியே போய் ரிசப்ஷன் கணினியில் உட்கார முகமில்லை. அறைக்குள்ளிருந்தபடியே, லேப்டாப்பிலேயே பட்டனை அமுக்கினான்.

அதற்குள் மீதி ஐந்து பேரும் வந்துவிட்டிருந்த வரவேற்பறையில் இருபத்திரண்டு போன்கள் ஒரே நேரத்தில் அடித்தன.

"ஐயோ, ரெண்டாவது பல்லுமா?" என்று தையல்காரர் அலறுவது கேட்டது.

"டேய்!" என்றாள் அக்கா.

"இரு இரு இரு. எல்லாத்தையும் ரத்து பண்ணிடறேன். எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும். மேடம் வர்றதுக்குள்ள இடம் காலியாயிடும்."

ரத்துச் செய்தி அனுப்ப ஏழே நிமிடத்தில் புதிதாக நாலு வரி எழுதினான். அவசரத்தில் போன் நம்பரையும் செய்தியோடு சேர்த்து அதே பழைய பாணியில் எழுதித் தட்டிவிட்டான்.

இந்தத் தடவை ஒரே ஒரு போன்தான் அடித்தது. ஆனால் இருபத்திரண்டு தடவை அடித்தது.

மூலையில் இருந்த நிஜத் தலைமையாசிரியர் போனைப் பார்த்தார். இத்தனை பேரில் அவர் பல் ஒன்றுதான் இன்றைக்கு உண்மையாகவே பிடுங்கப்பட வேண்டிய பல். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டு, விடிகாலையிலிருந்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவர். முதல் ரத்துக்குப் புருவத்தைத் தூக்கினார். ஐந்தாவதுக்குச் சிரித்தார். பத்தாவது வரும்போது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நில்லுங்க! உங்களுக்கு மருந்தெல்லாம் ரெடி பண்ணியாச்சு!" என்று நர்ஸ் பின்னாலேயே ஓடினாள்.

"இருபத்திரண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா. இதுக்கு மேலயும் உட்கார்ந்திருந்தா மரியாதையா?" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார் அவர். வாசலில் எதிரே வந்த ஒரு பெண்மணிமேல் மோதாமல் தப்பித்தது அதிர்ஷ்டம்தான்.

அந்தப் பெண்மணி உள்ளே வந்து, உட்கார இடம் தேடினார்.

"நீங்களும் தலைமையாசிரியரா?" என்றாள் ஆறு வயதுக்காரி.

"இல்லம்மா. நான் புரோகிராம் பார்க்க வந்திருக்கேன்."

எக்ஸ்ரே அறைக்குள் தம்பிக்காரனுக்கு இது கேட்டது. ஓடிவிடலாமென்றால் அந்த அறைக்கு ஜன்னல்கூட இல்லை. டைல்ஸ் கடையின் வாசனைகூட அவனுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறைக்குப் போயிருந்த அக்கா நர்ஸைத் திட்டினாள். "ஒரே ட்ரேயை எல்லாருக்கும் வச்சா எப்படிம்மா? ஆளுக்கொரு ட்ரே தனித்தனியா வைக்கணும்னு எத்தனை தடவை சொல்றது!"

தம்பிக்காரன் நடையை நிறுத்தினான். லேப்டாப்பைப் பார்த்தான். பிறகு தலையில் மடேரென்று அடித்துக்கொண்டான்.

மேடம் கதவைத் தட்டியபோது அவன் வெறிபிடித்தவன் மாதிரி டைப் அடித்துக்கொண்டிருந்தான்.

"மேடம், உட்காருங்க. இல்ல, உட்கார இடமில்ல, நில்லுங்க. தப்பு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு!"

"வெளியே பார்த்தேன். சொல்லுங்க" என்றார் மேடம். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"பட்டியலைச் சுத்தற லூப்ல இருபத்திரண்டு குட்டி ஃபங்ஷன் பண்ணேன் மேடம். ஆளுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒருத்தருக்குச் செய்தி எழுதணும். ஆனா எல்லாம் ஒரே ட்ரேயைப் பார்த்துட்டு நிக்குதுங்க. லூப் சுத்தி முடியறப்ப ட்ரேல மிச்சம் இருக்கறது கடைசி ஆள்தான். அப்புறமா 'எழுது'ன்னு சொன்னா, இருபத்திரண்டும் அவர் பேரையே எழுதுது. இன்னைக்குப் பட்டியல்ல கடைசி ஆள் தலைமையாசிரியர்."

"ஒரு ஆளை மட்டும் வச்சுச் சோதிச்சீங்களா?"

"ஆமா மேடம். ஒரே ஆள்னா அவர்தானே முதல், அவர்தானே கடைசி" என்றான் அசடு வழிய.

"சரி. இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"இன்னொரு ஃபங்ஷன் எழுதிட்டேன் மேடம். அது செய்தி எழுதாது. செய்தி எழுதற ஃபங்ஷனைப் பண்ணித் திருப்பித் தரும், அவ்வளவுதான். ஆனா பண்ணித் தர்றப்பவே அவங்கவங்க ட்ரேயை அவங்கவங்க கையில குடுத்துடும். அப்புறம் எப்ப கூப்பிட்டாலும் அது தன் ட்ரேயை விடாது."

"குளோஷர்" என்று அந்த உத்தியின் பெயரைச் சொன்னார் மேடம்.

"குளோஷர்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

வெளியே போன்கள் மறுபடி மொத்தமாக அடித்தன.

"எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்காம்! கூச்சத்துக்கு மருந்து பூசறாங்களாம்!" என்றார் தையல்காரர். டிரைவருக்கு மூன்று மணி, கல்யாணப் பெண்ணுக்குப் பன்னிரண்டு. ஆறு வயதுக்காரி மட்டும் பதவி போன துக்கத்தில் அழுதாள். கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியரும், தன் பெயருக்கே வந்த செய்தியைக் கையில் பிடித்தபடி, தொங்கிய முகத்தோடு படியேறி வந்தார்.

தம்பிக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா வாசலில் நின்று, கையுறையோடு அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

மேடம் மட்டும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேக்கறேன். இந்தத் தப்பு முதல் நாள்லயே வந்திருக்கணுமே. அறுபத்தொரு நாள் எப்படி ஓடிச்சு?"

"அதான் மேடம் எனக்கும் புரியல" என்றான் அவன். அதைவிட நேர்மையாக அவன் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை.

மேடம் லேப்டாப்பை மூடினார். "சரி, போகட்டும். ஓடினது ஓடினதுதான். அதுக்கும் மேல, தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்தினீங்க, மறைக்காமலும் சொன்னீங்க. திங்கட்கிழமை வந்துடுங்க." முதல் தடவையாகச் சிரித்துக் கைகுலுக்கினார்.

மூவரும் வெளியே வந்தார்கள். ரிசப்ஷன் அம்மா அப்போதுதான் வந்து கைப்பையை வைத்துவிட்டு, கணினியைத் திறந்து, திரையைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தார்.

"ஐயையோ தம்பி, மிஷினை என்ன பண்ணீங்க? தினமும் மாதிரிக்கு எல்லாக் கட்டத்துலயும் ஒரே பேரைப் போட்டுக் குடுக்கும், நான் ஒவ்வொண்ணா அழிச்சுட்டு அவங்கவங்க பேரை அடிச்சு அனுப்புவேன். இப்படி எல்லாத்தையும் அதுவே சரியா எழுதிட்டா எனக்கு இங்க என்ன வேலை?"