ஸ்விட்ச் வைக்க மறுத்தவன்

அரைகுறையாக வயரிங் தெரிந்த இருபத்திரண்டு வயதுக்காரனை வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த இருபத்திரண்டு வயதுக்காரன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், சரவணம்பட்டியில் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்ற ஐந்தில் வாடகைக்கு இருப்பவர்கள். டெலிபோன் எங்கள் வீட்டில் மட்டும்தான். ஐந்து குடும்பங்களும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் எங்கள் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். மணி அடித்தால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, யாருக்குப் போன் வந்ததோ அவர்கள் வாசலுக்கு ஓட வேண்டும். ஒரு நாளைக்கு அம்மா ஓடிய ஓட்டத்துக்குக் காரமடைக்கே போய் வந்திருக்கலாம்.

டிப்ளமோ முடித்த கையோடு நான் இதற்கு வழி கண்டுபிடித்தேன். பழைய ரேடியோக்களிலிருந்து ஸ்பீக்கர்களைக் கழற்றி, மரப்பெட்டியில் வைத்து, வீட்டுக்கு ஒன்றாக மாட்டினேன். எங்கள் போன் பக்கத்தில் ஒரு மைக். "மூணாம் நம்பர் ஊட்டுக்குப் போனுங்க" என்று அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னால் ஆறு வீட்டிலும் கேட்கும். காம்பவுண்டே என்னை விஞ்ஞானி என்றது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து மாமா ஒருவர் சிங்கப்பூரிலிருந்து, ஆளில்லாதபோது தானே போனை எடுத்துக் கேசட்டில் பதிவு செய்துகொள்ளும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் அதையும் ஸ்பீக்கர் வயரோடு இணைத்தேன். நாங்கள் வெளியே போயிருந்தாலும், போனில் பேசுபவரின் குரல் நேராகச் சம்பந்தப்பட்ட வீட்டுக்குப் போய்விடும் அல்லவா? (சம்பந்தப்படாத ஐந்து வீட்டுக்கும் போகும் என்பதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.)

நாலாம் நம்பர் வீட்டில் ரெஜினா டீச்சரும் பிளஸ் டூ படிக்கும் மகள் அமலாவும் இருந்தார்கள். டீச்சரின் கணவர் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. பெட்டி மாட்டிய அன்றே டீச்சர், "தம்பி, இதுக்கு ஒரு ஸ்விட்ச் வெச்சுக் குடுங்களேன். வேணும்ங்கறப்ப போட்டுக்கறோம்" என்று கேட்டார். அணைத்துவிட்டால் வருகிற சேதி எப்படித் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். அவர் மரியாதையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். டீச்சர் வீட்டுப் பெட்டி கரகரக்கிறது என்று நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று சரி செய்துகொண்டிருந்தேன். கையில் கட்டிங் பிளேயர். கீழே அமலா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், டீச்சர் பரிமாறிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மணி அடித்தது. மெஷின் எடுத்தது. முதலில் நான் பதிவு செய்து வைத்திருந்த என் குரலே, பேசுவது நேராக உரியவர் வீட்டில் ஒலிக்கும் என்று செந்தமிழில் வரவேற்றது. பிறகு ஓர் ஆணின் குரல், தயங்கித் தயங்கி.

"டீச்சருங்களா? சென்னிமலையிலிருந்து பேசறேனுங்க. பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் போடச் சொன்னீங்க, எனக்குத்தான் அதுவரைக்கும் மனசு பொறுக்கலைங்க. நம்ம கல்யாணத்துக்கு எங்கூட்ல எல்லாருக்கும் சம்மதமுங்க."

அமலாவின் கை தட்டிலேயே நின்றது. டீச்சர் பெட்டியிடம் ஓடிவந்து அதன் பக்கவாட்டையெல்லாம் தடவினார். ஸ்விட்ச் தேடினார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. என் கையில் பிளேயர் இருந்தது, கண்ணெதிரே வயர் இருந்தது. ஒரே வெட்டு போதும். நானோ, கரகரப்பு போய்க் குரல் எவ்வளவு தெளிவாக வருகிறது என்று பூரித்துக்கொண்டு நின்றேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அமலா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குரல் தன் பாட்டுக்குப் பேசி முடித்தது. கடைசியாக, மகளிடம் பக்குவமாகச் சொல்லும்வரை வேறு யாருக்கும் மூச்சு விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. ஆறு வீட்டிலும் அது கேட்டது.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"நா சொல்ல வேண்டிய சேதி தம்பி அது. என்ற மககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு மாசமா வார்த்தை தேடிட்டிருந்தேன்."

நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, ஓடிப்போய் மெஷினைப் பிடுங்கி, கேசட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகை வந்தது.

மூன்று நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அந்த மூன்று நாளில் நான் எல்லாப் பெட்டிக்கும் ஸ்விட்ச் வைத்தேன். மெஷினின் வயரைத் துண்டித்தேன். நாலாம் நம்பருக்குப் போனபோது டீச்சர் இல்லை. ஸ்விட்சை எங்கே வைக்கட்டும் என்று அமலாவிடம் கேட்டேன்.

"எங்க கைக்கு எட்டற எடத்துல வைங்கண்ணா" என்றாள். நான் ஸ்விட்சைப் பொருத்திக்கொண்டிருக்கையில் அவளாகவே சொன்னாள்: "அம்மா கல்யாணம் பண்ணிக்கறதுல எனக்குக் கோவமில்லைங்க. எதுத்த ஊட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்ச அதே நேரத்துலதான் எனக்கும் தெரிஞ்சுது. அதான்."

அந்தக் கேசட்டைத் தான் இன்னும் கேட்கவில்லை என்றும் சொன்னாள். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம் என்றேன். (என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் உருப்படியான வாக்கியம்.) மறுநாள் அவள் டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அவள் எழுந்துபோன பிறகு அந்த மனிதர் பேசியதும் அதில் இருந்தது. "புள்ளைக்கு இஷ்டமில்லீன்னா இந்தப் பேச்சை இத்தோட உட்டுப்போடலாமுங்க, எனக்கு வருத்தமில்லீங்க" என்று சொல்லியிருந்தார். வருத்தமில்லை என்ற இடத்தில் குரல் கம்மியதாம். அமலா அம்மாவிடம் போய், "அவரு எப்பவுமே இப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசுவாருங்களா?" என்று கேட்க, டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாராம்.

டீச்சர் போகும் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார், தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று ஃபாதர் எல்லோர் முன்னாலும் அறிவிப்பார். முதல் ஓலைக்குக் காம்பவுண்டே போயிருந்தது. ஃபாதர் வாசித்து முடித்ததும், ரெண்டாம் நம்பர் வீட்டு மில்காரர் பின்வரிசையிலிருந்து, "முதல் ஓலையத்தான் நம்ம தம்பி போன மாசமே வாசிச்சுப்போட்டாரே" என்றார். ஒரு வரிசை முழுக்கக் குலுங்கியது. மணப்பெண்ணும் முக்காட்டுக்குள் சிரித்ததைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை உளறினாலும் "ஓலை வாசிச்சாச்சு" என்றுதான் சொல்வார்கள். அமலா பிற்பாடு கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போனாள். தனக்குக் குழந்தை உண்டாகியிருப்பதை அம்மாவிடம் சொல்லுமுன் எனக்குத்தான் போன் செய்தாள். "அண்ணா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன், அம்மாகிட்ட நேர்ல வந்து நானே சொல்லோணும்" என்றாள்.

நான்கு நாள் கழித்து அவள் வந்தாள். அந்த நான்கு நாளும் நான் டீச்சர் வீட்டுப் பக்கமே போகவில்லை.