லேத்துக்குள் அழுத ஆவி

"ஏனுங்க, சாமி வந்துட்டாருங்களா?"

"மூணாவது பட்டறைல இருக்காருங்க. வரிசைல நில்லுங்க."

பெரியநாயக்கன்பாளையத்தில் மரம் கடையும் பட்டறைகள் இருந்த தெரு அது. வரிசை ரேஷன் சர்க்கரைக்கு அல்ல, கந்தப்பன் சாமிக்கு. தொண்ணூற்று நாலாம் வருடம் ஆயுத பூசை முடிந்த வாரத்திலிருந்து தெருவின் பதினோரு கடைசல் லேத்துகளும் முனக ஆரம்பித்திருந்தன. கட்டில் கால் கடைந்தாலும் முனகல். பூரிக்கட்டை கடைந்தாலும் முனகல். மறுவாரமே சாமி வந்து இறங்கிவிட்டார். ஆவி வந்த ஊருக்குச் சாமியார் வழி கேட்டு வருவதில்லை.

லேத்தின் தலைப் பக்கம் மூங்கில் குழாயை வைத்துக் காதைக் கொடுப்பார்.

"கடைசியா என்ன மரம் கடைஞ்சீங்க?"

"வேம்புங்க."

"அம்மன் கோவம்."

புளி என்றால் முனி. பர்மாத் தேக்கு என்றால் பர்மாப் பேய். வெளிநாட்டுக் கேஸ் என்பதால் தட்சிணை கூட.

பிறகு சிகிச்சை. ஆயுத பூசையன்று லேத்தின் தலையில் வைத்த சந்தனப் பொட்டைச் சின்ன வேலால் கிளறி எடுப்பார். மந்திரம் சொல்வார். தைலம் விடுவார். புதுப் பொட்டை அழுத்தி வைப்பார். லேத் அடங்கிவிடும். எட்டாம் நாள் மறுபடி முனகும். எட்டாம் நாள் சாமியும் மறுபடி வருவார்.

திருமூர்த்தியின் பட்டறையில் இரண்டு லேத். மூன்றாவது தடவை வந்தபோது, மூலையில் கடைந்த கட்டையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த பொற்கொடி மேல் சாமியின் பார்வை விழுந்தது.

"அது ஆரு?"

"வேலைக்கு இருக்குதுங்க, நாலு வருசமா."

"புருசன்?"

"தவறிட்டானுங்க."

"அதான பாத்தேன். தாலியில்லாதவ கை பட்டா மிஷின் அழுகாம சிரிக்குமா? அவளை நிறுத்து. ஆவி ஒரேயடியா அடங்கும்."

திருமூர்த்தி தலையைச் சொறிந்தார். "சனிக்கெழமயோட நின்னுக்க அம்மணி."

பொற்கொடிக்கு இரண்டு பிள்ளைகள். அந்த வேலை போனால் வீட்டில் உலை ஏறாது. மரத்தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"நின்னுக்கறனுங்க. அதுக்கு முன்ன ஒண்ணு செஞ்சு பாக்கலாமுங்களா? ரெண்டு லேத்தும் அழுகுது. அந்த லேத்துக்குச் சாமி மந்திரம் மட்டும் சொல்லட்டும். பொட்டத் தொட வேண்டாம், தைலமும் வேண்டாம். இதுக்கு நான் மந்திரமில்லாம வைத்தியம் பாக்கறேன்."

"தெய்வத்துக்கே பரிச்சையா?" என்றார் சாமி.

பக்கத்துப் பட்டறை ரங்கராஜ் வரிசையிலிருந்து சொன்னார்: "எழுதட்டுமேங்க. எங்கூட்டுப் பையன் பத்தாவது ரெண்டு தடவ எழுதினான்."

கூட்டம் சிரித்துவிட்டது. சாமிக்கு வேறு வழியில்லை. கால் மணி நேரம் மந்திரம் சொன்னார். சுவிட்சைப் போட்டார்கள். லேத் முன்பைவிடச் சுருதி சுத்தமாக முனகியது.

பொற்கொடி தன் லேத்தின் பெல்ட்டைக் கழற்றினாள். மோட்டாரை மட்டும் ஓட்டினாள். சத்தமில்லை.

"மோட்டார்ல ஆவி இல்லீங்க."

அதை நிறுத்திவிட்டு, மரத்தைச் சுழற்றும் தண்டைக் கையால் சுற்றினாள். கரகரவென்றது.

"சத்தம் இங்க, தண்டு சுத்தற பேரிங்குல." கொண்டை ஊசியை எடுத்துச் சந்தனப் பொட்டைக் குத்தினாள்.

திருமூர்த்தி பதறினார். "அடுத்த பூசை வரைக்கும் சாமியத் தவுத்து ஆரும் பொட்ட அழிக்கக் கூடாதம்மணி. குத்தமாயிரும்."

பொட்டுக்கு அடியில் ஒரு ஓட்டை. சந்தனமும் திருநீறும் கல்லாக இறுகி அடைத்திருந்தன.

"இது என்ன ஓட்டைங்க?"

"எண்ணெ ஊத்தறது."

"எண்ணெ ஊத்துனீங்களா?"

"தெனமும் ஊத்தறனே, பொட்டு மேலயே."

"அது வெளிய வழிஞ்சு போச்சுங்க. உள்ள எப்படிப் போகும்?"

ஓட்டையைச் சுத்தம் செய்தாள். அலமாரியில் இருந்த மிஷின் எண்ணெயை விட்டாள். பெல்ட்டை மாட்டி ஓட்டினாள். லேத் பால் குடித்த பிள்ளையாக ஓடியது.

"ஆவி அந்த லேத்துக்குத் தாவிருச்சு," என்றார் சாமி.

பொற்கொடி அங்கேயும் போய்ப் பொட்டைக் குத்தி எண்ணெய் விட்டாள். அதுவும் அடங்கியது.

"இனி எங்கீங்க தாவும்?"

ரங்கராஜ் தைலக் குப்பியைத் திறந்து மோந்து பார்த்தார். "கற்பூரம் போட்ட மிஷின் எண்ணெ. ஏனுங்க சாமி, ஒவ்வொரு தடவயும் புதுப் பொட்ட அழுத்தி வெச்சது எட்டு நாள் கழிச்சு வர்றதுக்குங்களா?"

மெயின் ரோட்டில் மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. சாமி மூங்கில் குழாயைக்கூட எடுக்காமல் ஏறிவிட்டார்.

திருமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நிக்க வேண்டாம் அம்மணி. திங்கக்கெழம எப்பவும் போல வந்துரு."

"வாரனுங்க. ஒண்ணே ஒண்ணு. தாலியில்லாதவ உள்ள வரக்கூடாதுன்னு பூசையன்னிக்கு என்னைய வெளிய நிறுத்திப்போட்டீங்க. அப்ப அந்த மொதப் பொட்ட வெச்சது ஆருங்க?"

திருமூர்த்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எண்ணெய் போகிற வழியை அடைத்தால் மிஷினாவது கத்திக் காட்டிக்கொடுக்கிறது. யோசனை போகிற வழியை அடைத்துக்கொண்ட மனிதர்களிடமிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. வரிசையில் நிற்கிறார்கள்.